எல்லையோரத்துப் பேச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பல, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்களிலிருந்தும் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்தும் வந்தவை. மொழி பற்றிய கவலையே அவற்றில் மிகுந்திருந்ததால், பிற எல்லையோர ஊர்களிலிருந்து அதே கவலையோடு வந்தவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் தமிழ்வழியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். கட்டுரை நோட்டில் ‘விளையாடி முடித்து வெள்ளம் குடித்தோம்’ என்று எழுதியிருந்தான். ஆசிரியை அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் சுழித்து, ‘மலையாளம் கலக்காதே’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். பொள்ளாச்சியில் இருக்கும் என் நாத்தனாரும், நாங்கள் பேசுவது தமிழே இல்லை என்கிறார். எங்களுடையது கலப்படத் தமிழா, ஐயா?
வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கலப்படம் இல்லை, அம்மா. ஆசிரியை திருத்தியது சரி. அதற்கு அவர் சொன்ன காரணம் சரியல்ல. எழுத்துத் தமிழில் ‘வெள்ளம்’ என்றால் கரையை மீறிப் பெருகி வரும் நீர் என்றுதான் பொருள் கொள்வார்கள். ஆகவே கட்டுரையில் ‘தண்ணீர் குடித்தோம்’ என்று எழுதப் பையன் பழக வேண்டும். அதைச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியையின் கடமை. ஆனால் ‘வெள்ளம்’ மலையாளத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல் அன்று. சங்கப் பாடல்கள் தொட்டுத் தமிழில் இருந்து வருகிற சொல். நீர்ப்பெருக்கைக் குறித்த அச்சொல்லை மேற்கே உள்ளவர்கள் குடிக்கும் நீருக்கும் விரித்துக்கொண்டார்கள். கிழக்கே உள்ளவர்களோ, குளிர்ந்த நீரைக் குறித்த ‘தண்ணீர்’ என்பதை எல்லா நீருக்கும் விரித்துக்கொண்டு, இன்று ‘சுடுதண்ணீர்’ என்றே சொல்கிறார்கள். அங்கே பெருக்கம் என்ற பொருள் கழன்றது. இங்கே தண்மை என்ற பொருள் கழன்றது. இரண்டும் ஒரே வகை மாற்றம்தான்.

ஊருக்கு ஊர் சொல் மாறும் என்பதை நம் இலக்கணக்காரர்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டு, அதற்கு ஒரு மதிப்பான இடமும் கொடுத்தார்கள். செய்யுளுக்குரிய சொற்களைத் தொல்காப்பியம் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வகுக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களிலும் அந்தந்த நிலத்தார் தமக்கே உரிய குறிப்பில் வழங்குவது திசைச்சொல். உரையாசிரியர்கள் தரும் பன்னிரண்டு நிலங்களின் பட்டியலில் குட்டநாடு, குடநாடு, பூழிநாடு ஆகியவை இன்றைய கேரளக் கரையைச் சேர்ந்தவை. குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பர், குடநாட்டார் தந்தையை ‘அச்சன்’ என்பர், பூழிநாட்டார் நாயை ‘ஞமலி’ என்பர் என்று அவ்வுரைகளில் எடுத்துக்காட்டுகள் வருகின்றன. அவற்றுள் ஞமலி சங்கப் பாட்டிலேயே இடம்பெற்றுவிட்டது. அச்சன் இன்றும் மலையாளிகள் வீட்டில் அன்றாடம் புழங்கும் சொல். உங்கள் மகன் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு வரும் சொல்லைத் தமிழ் உரையாசிரியர் ஒருவர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் குறித்து வைத்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பறை’ என்றால் சொல் என்று பொருள்படுவது மலையாளத்துக்கே உரியது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்துக் கிழவி ஒருத்தி பேரனை அதட்டும்போது ‘சும்மா பறையாதை’ என்பாள். நடுவில் இருக்கும் நாம் கைவிட்ட சொல்லை இரண்டு ஓரங்களும் காத்து வைத்திருக்கின்றன. ‘உள்ளி’யும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் அது வெள்ளைப்பூண்டு. மலையாளத்தில் அது சின்ன வெங்காயம்.

அதற்காக, எல்லையோரத்தில் கேட்கும் எல்லாமே பழந்தமிழ் என்று நான் சொல்ல வரவில்லை. மலையாளத்திலிருந்து அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்த சொற்களும் பயன்பாடுகளும் நம் பேச்சில் உண்டு. வடிவம் ஒன்றாக இருந்து பொருள் வேறாகிவிட்ட சொற்களில்தான் பிள்ளைகள் உண்மையாகவே தடுமாறுகிறார்கள். மலையாளத்தில் ‘சம்சாரிக்கிறது’ என்றால் பேசுவது. தமிழில் சம்சாரம் மனைவி. மலையாளத்தில் ‘ஞான் விசாரிச்சு’ என்றால் நான் நினைத்தேன். தமிழில் விசாரித்தேன் என்றால் கேட்டறிந்தேன். மலையாளத்தில் பட்டி என்பது நாய். தமிழில் அது ஆட்டுப்பட்டியும், ஊர்ப்பெயரின் கடைசிப் பகுதியும் ஆகும். சிவப்பு மை தேவைப்படுவது இத்தகைய இடங்களில்தான். அங்கேயும் ‘கலக்காதே’ என்று எழுதுவதைவிட, ‘இந்த வீட்டில் இதற்கு இது பொருள், அந்த வீட்டில் அது பொருள்’ என்று எழுதினால் பையன் இரண்டையும் கற்றுக்கொள்வான்.

அவனை ஒரு நாள் வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு அழைத்துப் போங்கள். சென்ற மாதம் அங்கே ஒரு கடையின் முன் கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தேன். தராசுக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண்மணி. நெம்மாறைப் பக்கத்துக்காரர் ஒருவர் ‘இருபத்தஞ்சினு தருமோ?’ என்று கேட்க, அவர் ‘முப்பதுக்குக் குறையாது சேட்டா, மத்தன் வேணுமா, கும்பளம் வேணுமா?’ என்றார். அந்தப் பையைக் கட்டிக் கொடுத்த கையோடு அடுத்து நின்ற பொள்ளாச்சிக்காரரிடம் திரும்பி, அதே இரண்டு காய்களைக் காட்டி, ‘அண்ணா, அரசாணிக்காயும் இருக்குது, வெள்ளைப்பூசணியும் இருக்குது’ என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஆள் மாறியதும் காயின் பெயர் மாறிவிட்டது. எதிரே நிற்பவர் யார் என்று பார்த்துச் சொல்லை எடுக்கும் அந்தத் திறமையைப் பள்ளிக்கூடமும் கற்றுக்கொடுக்கத் தொடங்கினால், ‘வெள்ளம்’ வீட்டுக்கு, ‘தண்ணீர்’ நோட்டுக்கு என்று உங்கள் மகனும் தானே பிரித்துக்கொள்வான். நாத்தனாரிடம், அவர் சொல்லும் அரசாணிக்காயைச் சென்னையில் பரங்கிக்காய் என்பார்கள் என்று மட்டும் அன்போடு சொல்லிவையுங்கள்.

கேள்வி: திருநெல்வேலி நண்பர்கள் எங்கள் பேச்சைக் கேட்டு ‘நீங்கள் மலையாளிகள்தானே?’ என்கிறார்கள், திருவனந்தபுரத்துக்குப் போனால் எங்களைத் தமிழர் என்று தனியே வைக்கிறார்கள். விளவங்கோட்டுப் பேச்சு உண்மையில் எந்த மொழியைச் சேர்ந்தது?
வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தமிழைச் சேர்ந்தது. இதை ஊர்ப்பற்றினால் சொல்லவில்லை, இலக்கணத்தை வைத்தே சொல்கிறேன். தமிழையும் மலையாளத்தையும் பிரித்தறிய எளிய வழி, வினைச்சொல்லின் வாலைப் பார்ப்பது. தமிழில் நான் வந்தேன், நீ வந்தாய், அவன் வந்தான், அவர்கள் வந்தார்கள் என்று செய்தவருக்கு ஏற்ப வால் மாறும். மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு, வால் உதிர்ந்துவிட்டது. கேரள பாணினி என்று போற்றப்படும் ஏ. ஆர். ராஜராஜ வர்மா, 1896இல் வெளியிட்ட ‘கேரள பாணினீயம்’ என்னும் இலக்கணத்தில், தமிழிலிருந்து மலையாளம் பிரிந்த வழிகளாக ஆறைச் சொல்கிறார். செய்தவரைக் காட்டும் இந்த ஈறு மறைந்தது அவற்றுள் ஒன்று. உங்கள் பாட்டி எவ்வளவு மலையாளச் சொற்களைப் பேசினாலும், ‘அவன் வந்தான், அவ வந்தா’ என்று வாலோடுதான் முடித்திருப்பார். அந்த வால் இருக்கும்வரை அது தமிழ்.

ஒலியில் மட்டும் நீங்கள் மேற்குக் கரையோடு சேர்ந்து நிற்கிறீர்கள், அது உங்களுக்குப் பெருமைதான். ‘காற்று’ என்ற சொல்லை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சென்னையிலும் மதுரையிலும் அது ‘காத்து’ ஆகிவிட்டது. ‘ற்ற’ என்று எழுதுவதை அங்கே ‘த்த’ என்றே ஒலிக்கிறார்கள். குமரித் தமிழிலோ நாக்கின் நுனி பல்லைத் தொடாமல், அதற்குச் சற்று மேலே உள்ள ஈற்றின் மேட்டைத் தொடுகிறது. மலையாளிகளும் ‘காற்று’ என்பதை அப்படித்தான் ஒலிக்கிறார்கள். தகரமும் றகரமும் வேறு வேறு இடத்தில் பிறக்கும் எழுத்துகள் என்று இலக்கணம் சொல்லும் வேறுபாட்டை, பள்ளியில் படிக்காத கிழவர்களும் நாக்கில் காத்து வைத்திருக்கும் இடங்களில் உங்கள் ஊரும் ஒன்று. இதைத் தெரியாமல் கேலி செய்பவர்களிடம் கோபப்பட வேண்டாம். ‘காற்று’ என்று ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள்.

எல்லைக் கோட்டைப் பொறுத்தவரை, அது பேச்சை அளந்து கிழித்த கோடு அன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது, திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டையின் பெரும்பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. தமிழர் மிகுந்திருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க நடந்த போராட்டத்தை முன்னின்று நடத்திய மார்ஷல் நேசமணியின் பெயரை நினைக்காத வீடு உங்கள் பக்கத்தில் இராது. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தவர்களையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் தோவாளையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை நடந்து போகிறவர், ‘இதோ இந்த வரப்பில் தமிழ் முடிந்தது’ என்று காலை ஊன்றிச் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊருக்குப் புரியும்படிதான் பேசுகிறது. பத்தூர் தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தால்தான் மொழி மாறியிருப்பது தெரியும்.

கேள்வி: ஆந்திர எல்லையிலும் இப்படித் தமிழும் தெலுங்கும் கலந்து ஒரு பேச்சு உண்டா?
வாசகர், நகரி

பதில்: அங்கே நிலைமை வேறு. தமிழும் மலையாளமும் ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் துளிர்த்தவை. தெலுங்கு திராவிட மொழிக் குடும்பத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்தது, பழங்குடி மக்கள் பேசும் கோண்டியும் குவியும் அதற்கு நெருங்கிய உறவு. ஆகவே நகரியிலோ சத்தியவேட்டிலோ குப்பத்திலோ ஒரு பேச்சு மெல்ல மெல்ல மற்றொன்றாக மாறுவதில்லை. அங்கே உள்ளவர்கள் இரண்டையும் முழுமையாகப் பேசுகிறார்கள். வாக்கியத்தின் நடுவே தமிழிலிருந்து தெலுங்குக்குத் தாவுகிறார்கள். ‘வந்தான்’ என்பதற்கும் ‘வச்சாடு’ என்பதற்கும் நடுவில் மூன்றாவது வடிவம் ஒன்று கிடையாது. ஆனாலும் உறவு அற்றுப்போகவில்லை. தெலுங்கில் வீட்டுக்கு ‘இல்லு’ என்பார்கள். நம் ‘இல்’லும் ‘இல்லம்’மும் அதன் உடன்பிறப்புகளே.

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டம் அங்கே போனது. ம. பொ. சிவஞானம் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்கும் நடுவராக நின்ற படாஸ்கர் ஏற்படுத்திய உடன்பாட்டுக்கும் பின், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி இங்கே வந்தது. இரு பக்கமும் பிறமொழியாளர் நின்றுவிட்டார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள்.

கேள்வி: நான் அட்டப்பாடியில் ஒரு பள்ளியில் பணிபுரிகிறேன். என் வகுப்பில் இருளர், முடுகர், குறும்பர் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருளர் பேசுவது தமிழின் கொச்சை என்று சிலரும், மலையாளத்தின் கொச்சை என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி?
வாசகி, அகளி

பதில்: இரண்டும் தவறு, அம்மா. நீங்கள் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இருளம் தனி மொழி. தமிழுக்கு மிக நெருங்கிய உறவு உடையது என்றாலும், தமிழ் சிதைந்து அது உண்டாகவில்லை. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் அதன் ஒலிகளையும் இலக்கணத்தையும் ஆராய்ந்து 1973இல் தனி நூலே எழுதினார். நாவை வாயின் நடுவில் வைத்து ஒலிக்கும் உயிரொலிகள் இருளத்தில் உண்டு. தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும் அவற்றுக்குத் தனி வரிவடிவம் இல்லை. எழுதும்போது அவ்வொலிகள் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டித் தயங்குகிறாள் என்றால், அவள் காதில் கேட்கும் ஒலிக்குப் பலகையில் எழுத்து இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘தமிழா, மலையாளமா’ என்ற சண்டை எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் சொல்லும் தாய்மொழியை, அதற்கு நெருக்கமானது என்று கருதும் ஒரு பெரிய மொழியின் தலைப்புக்கு அடியில் சேர்ப்பது வழக்கம். 2011இல் நாடு முழுவதும் மக்கள் சொன்ன பெயர்களை ஒழுங்குபடுத்தி 1,369 தாய்மொழிகளாக்கி, பின்னர் அவற்றை 121 மொழிகளாகத் தொகுத்தார்கள். அதில் இருளர் மொழி தமிழ் என்ற தலைப்பின்கீழ் வருகிறது. வயநாட்டுப் பணியர் மொழியும் எரவர் மொழியும் மலையாளத்தின்கீழ் வருகின்றன. நாடு முழுவதிலும் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழி தன் பெயரோடு அட்டவணையில் ஏறாது. ‘மற்றவை’ என்ற வரியில் மறைந்துவிடும். கணக்கு வசதிக்காகப் போட்ட தலைப்பை, மொழியின் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்வதால்தான் ‘கொச்சை’ என்ற சொல் வாயில் வருகிறது.

ஆனைக்கட்டியில் எல்லையின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். இரு பக்கத்து ஊர்களிலும் உறவினர்களான இருளர்கள் ஒரே மொழியைத்தான் பேசுகிறார்கள்; ஆனால் ஒரு பக்கத்துப் பிள்ளை தமிழிலும் மறுபக்கத்துப் பிள்ளை மலையாளத்திலும் படிக்கப் போகிறது. பள்ளியின் முதல் நாளிலேயே இருவருக்கும் தங்கள் மொழி வாசலோடு நின்றுவிடுகிறது. இதை நான் ஒரு குறையாகவே கருதுகிறேன். அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா தம் இருள மொழியில் பாடி, 2020ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருதைப் பெற்றார். அவர் பாட்டைக் கேட்டவர்கள் யாரும் அதைக் கொச்சை என்று சொல்லவில்லை.

வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். மரம், மழை, பாம்பு, தேன், அம்மா என்று தொடங்கி, இருளத்திலும் முடுகத்திலும் குறும்பத்திலும் பிள்ளைகள் சொல்லச் சொல்ல அவர்கள் சொன்ன ஒலிக்கு இயன்றவரை நெருக்கமாகப் பலகையில் எழுதுங்கள். ஒலி சரியாக வந்திருக்கிறதா என்று அவர்களையே கேட்டுத் திருத்துங்கள். ஆசிரியரைத் திருத்தும் இடத்தில் நின்ற பிள்ளை மறுநாள் வகுப்புக்கு வராமல் இருக்காது.

கேள்வி: கேரளத்தில் வாழும் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் மனு எழுதலாமா? எங்கள் ஊர் அலுவலகம் ஒன்றில் மலையாளத்தில் எழுதி வரும்படி திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
வாசகர், மறையூர்

பதில்: எழுதலாம். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதலாம் என்கிறது. 350 அ பிரிவு தொடக்கப் பள்ளியில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதியைப் பற்றியும், 350 ஆ பிரிவு மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலரைப் பற்றியும் பேசுகின்றன. இவ்விரண்டும் 1956இல் சேர்க்கப்பட்டவை. மனுவின் தலைப்பிலேயே சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு, நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கேள்வி: என் பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. அவர் சொல்லும் பல சொற்கள் எங்கள் அகராதியில் இல்லை. அவற்றை எப்படிச் சேர்த்து வைப்பது?
மாணவி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கிக்கொள். ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் மட்டும் எழுது. பாட்டி சொன்னபடியே சொல்லை எழுதி, அதன் அடியில் அவர் அதை வைத்துச் சொன்ன முழு வாக்கியத்தையும் எழுது. வாக்கியம் இல்லாமல் பொருளை மட்டும் எழுதினால் பிறகு அந்தச் சொல்லை யாரும் பேச்சில் பொருத்திப் பார்க்க முடியாது. பாட்டி பிறந்த ஊர், மணமாகி வந்த ஊர் இரண்டையும் முதல் பக்கத்தில் குறித்துவை. சித்தூர் அக்காலத்தில் கொச்சி அரசின் நிலம், சுற்றியிருந்த ஊர்கள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை, ஆகவே பாட்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது ஒவ்வொரு சொல்லுக்கும் பயன்படும். முடிந்தால் கைப்பேசியில் குரலையும் பதிவு செய். ‘இதற்கு என்ன சொல்வீர்கள்?’ என்று நேரடியாகக் கேட்டால் பெரியவர்கள் யோசித்துப் பள்ளிக்கூடத்துத் தமிழில் பதில் சொல்லிவிடுவார்கள். அவர் அரிசி புடைக்கும்போதும் கீரை ஆயும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பற்றிக் கேள். சொற்கள் தாமாக வரும். முதல் பத்துப் பக்கங்கள் நிறைந்ததும் அவற்றைப் படியெடுத்து எனக்கு அனுப்பு. அடுத்த இதழ்களில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவோம்.